மானசரோவரும் முனியாண்டியின் சேவலும்

என் அக்காவுக்கு மானசரோவர் ஆசை பிடித்தது ஒரு கைத்தொலைபேசியால். கட்டாரில் வேலை செய்யும் அவள் மகன் வாங்கி அனுப்பிய போன் அது. அக்கா பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு அந்தப் போனை விரலால் தள்ளித் தள்ளி சமையல், சீரியல், கோயில் திருவிழா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் பனிமலைகளுக்கு நடுவே நீலமாகக் கிடந்த அந்த ஏரியைப் பார்த்துவிட்டாள். அதோடு விரல் நின்றுவிட்டது. வார இறுதியில் பதுளையிலிருந்து நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, செருப்பைக் கழற்றவும் விடாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாடி, பாரு. இந்தத் தண்ணியில ஒரு முழுக்குப் போடணும்."

நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவள். யாராவது ஓர் இடத்தைக் காட்டினால் வாய் சும்மா இருக்காது. அது திபெத்தில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து பதினைந்தாயிரம் அடி, குளிர் எலும்பைத் துளைக்கும், மூச்சு விடக் காற்றே போதாது என்று ஒரு பாடவேளைக்கு வேண்டியதைக் கொட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்புத்தளையிலயுந்தான் குளிருது. எப்ப போறோம்?"

அக்கா வாழ்நாளில் எதையும் கேட்டவள் இல்லை. சேலைக்கடைக்குக் கூட்டிப்போனால் எனக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் முதல்தடவையாக ஒன்றை வேண்டும் என்கிறாள், அதுவும் இமயமலைக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஒன்றை. யோசிக்காமல் "போவோம்" என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குள் இருந்த டீச்சர் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

அக்காவின் கணவர், என் அத்தான், அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர கங்காணித்தனத்திலிருந்து பெறவில்லை. கோழி கூட்டுக்குள் போவதையும் அவர்தான் வரிசைப்படுத்துவார். பயணச் செய்தி காதில் விழுந்ததும் முகம் பிரகாசமாகிவிட்டது. மேற்பார்வை பார்க்க ஒரு வேலை கிடைத்துவிட்டதே!

பதுளையில் ஒரு குழு கயிலாய யாத்திரைக்கு ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு மூவரும் கூட்டத்துக்குப் போனோம். குழுத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே காத்மண்டுவரை போய், அங்கே வயிறு சரியில்லாமல் திரும்பி வந்த அனுபவம் அவருக்கு இருந்தது. கையுறை, கம்பளித் தொப்பி, மடக்கி நீட்டும் ஊன்றுகோல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து விளக்கினார். ஊன்றுகோலை நீட்டத் தெரிந்த அவருக்கு மடக்கத் தெரியவில்லை. கூட்டம் முடியும்வரை அதை வேல் மாதிரிப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"முக்கியமான விசயம். ஏரிக்குள்ளை இறங்கிக் குளிக்க இப்ப விடுகினமில்லை. வாளியிலை தண்ணி அள்ளித் தருவினம். கரையிலை நிண்டு ஊத்தவேண்டியதுதான்."

அக்கா என் காதருகே குனிந்தாள். "வாளியில குளிக்கவாடி அம்புட்டுத் தூரம் போறோம்? அதத்தான நம்ம மலைத்தண்ணி விழுற பீலிக்கரையில தெனமும் செய்யிறேன்." கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல, வாளிய நானே எடுத்துட்டுப் போறேன். அவனுக வாளி சின்னதா இருக்கும்" என்றாள்.

அடுத்து வைத்தியச் சான்றிதழ் பற்றித் தலைவர் சொன்னபோது அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.

"நாங்க மலைநாட்டு ஆளுங்கய்யா. மலையில பொறந்து மலையில வளந்தவங்க. எங்களுக்கு எதுக்கு டாக்டர் துண்டு? அதெல்லாம் கொழும்பு ஆளுங்களுக்குக் கேளுங்க."

"ஐயா, பதுளை ரெண்டாயிரத்துச் சொச்சம் அடி. அங்கை ஏறிக் கடக்கவேண்டிய கணவாய் பதினெட்டாயிரம் அடிக்கு மேலை."

"அப்ப ஒம்போது பதுளை," என்றார் அத்தான், ஒன்பதையும் பார்த்து முடித்தவர் போல. மலையகம் என்ற பெயரே எங்களை மலையேறிகளாக்கிவிட்டது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வெட்கத்தை விட்டுச் சொன்னால் எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நான் வீட்டிலிருந்து பாடசாலைக்கு ஆட்டோவில் போகிறவள்.

அந்தக் கிழமையே அத்தான் எங்கள் இருவரையும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் துளசி மாலை போட்டுவிட்டார், தனக்கும் போட்டுக்கொண்டார். பயணம் முடியும்வரை மச்சம் மாமிசம் கிடையாது, முட்டையும் கிடையாது. பயணத்துக்கோ இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. கருவாட்டுக்குழம்பு இல்லாத சனிக்கிழமைகளை நினைத்து நான் கலங்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிறகு பயிற்சி தொடங்கியது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதைப் பெரட்டு என்பார்கள். அத்தான் எங்களுக்கும் பெரட்டு வைத்தார். சனி, ஞாயிறு விடிந்ததும் வரிசை வீடுகளான லயத்து வாசலில் அக்காவும் நானும் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேர் வரிசை. அவர் விசிலை ஊதுவார், நாங்கள் தேயிலை மலை வழியே மேலே நடக்க வேண்டும். குறித்த மரத்தை நேரத்துக்குள் தொட்டால் முழுப்பேர். தொடாவிட்டால் அரைப்பேர், அதாவது கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் போடுவார்களே, அதே அரை நாள் கணக்கு. நான் முதல் நாளே அரைப்பேர். என்னை விட மோசமாக வந்தவள் அக்கா. நாலு வளைவுக்கு ஒருதரம் கல்லில் குந்திவிடுவாள்.

"என்னா நீ, ஏரிக்குப் போகணும்னு நீதான கேட்ட!" என்று அத்தான் கத்துவார்.

"வாறேன், வாறேன். கண்ணு இருட்டு தெளியட்டும்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கே நெஞ்சு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நமுனுகுல மலைக்கு ஒருதடவை ஏறிப் பார்ப்போம் என்று போனபோது அக்கா பாதி தூரம் வருவதற்குள் நாலைந்து கல்லில் குந்தி, கடைசியில் "நீங்க போயிட்டு வாங்க, நா இங்கேயே கும்பிட்டுக்கிறேன்" என்று படுத்தேவிட்டாள். அத்தானும் அதற்கு மேல் ஏறவில்லை. மனைவியைத் தனியே விட முடியாது என்று காரணம் சொன்னார். அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்த எனக்கு அந்தப் பாசத்தின் மீது சந்தேகம்தான்.

இனிமேல் டாக்டர் துண்டு வேண்டாம் என்று சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை. பதுளையில் ஒரு டாக்டரம்மாவிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், ஆனால் பதுளையில் இருந்து இருந்து எங்கள் ஆட்களின் உடம்பு அவருக்கு மனப்பாடம். அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மா, இவ்வளவு குறைஞ்ச ரத்தத்தோடை எப்பிடி இஞ்சை வந்தனீங்கள்?"

"பஸ்ஸுலதான் டாக்டரம்மா," என்றாள் அக்கா.

ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. இப்படியே உயரத்துக்குப் போனால் ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே மயங்கி விழுவாள் என்றார் டாக்டரம்மா. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஈரல் சாப்பிடுங்கோ. கிழமைக்கு ஒருக்காவாவது. அடுத்தது, சாப்பிட்ட கையோடை தேத்தண்ணி குடிக்கக்கூடாது. தேயிலை அந்தச் சத்தை உடம்பிலை சேரவிடாது. ரெண்டு மாதம் கழிச்சு வாங்கோ. பத்துக்கு மேலை வந்தால் கையெழுத்து வைப்பன். வரேல்லையெண்டால் சிவபெருமானே வந்து கேட்டாலும் வைக்கமாட்டன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா கழுத்து மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். பசறை நெருங்கும்போது, "நெனச்சதே பெருசுதான்டி. விடு" என்றாள். இவளைக் கூட்டிப்போகாமல் நான் அந்த ஏரியைப் பார்த்து என்ன செய்ய? சிவனைப் பார்க்க ஈரல் தின்ன வேண்டும், ஈரல் தின்றால் சிவனைப் பார்க்க முடியாது. என்ன கணக்கு இது என்று யார் மேலோ கோபம் வந்தது. கடைசியில் கண்டக்டர் மேல் காட்டினேன், பாவம்.

அத்தான் விரதத்தில் அசையவே இல்லை. "மாலையப் போட்டுட்டு ஈரலா? குத்தமாயிரும்." தேத்தண்ணி விஷயம் அவரை அதைவிடப் புண்படுத்தியது. "தேத்தண்ணியால ரத்தம் கொறையுதாமா? ஒரு நாடே அதுல ஓடுது. அந்த டாக்டரம்மாவுக்கு ஏதோ கோளாறு."

நான் விவாதித்தேன். கண்ணப்ப நாயனாரையே இழுத்தேன். அவர் இறைச்சி கொடுத்தாரே தவிரத் தின்று காட்டவில்லை என்று அத்தான் மடக்கிவிட்டார். முடிவில், முனியாண்டியிடம் கேட்பது என்று தீர்மானமாயிற்று.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு மரத்தடியில், கல்லும் சூலமுமாக இருக்கிறவர் எங்கள் முனியாண்டி. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் காவல் அவர்தான், அதனால் பெண்கள் தாராளமாகப் போகலாம். சைவம், அசைவம் என்ற குழப்பம் அவருக்குக் கிடையாது. சேவல் வேண்டும், சுருட்டு வேண்டும். இதில் ஒளிவுமறைவு இல்லாத சாமி. அவரிடம் கேட்பது பூக்கட்டித்தான். செவ்வரத்தம்பூவை ஓர் இலையிலும் வெள்ளைப்பூவை ஓர் இலையிலும் மடித்துக் காலடியில் வைப்போம். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

அத்தான் முதலில் கேட்டார். "சாமி, மாலை போட்டவ ஈரல் வாங்கித் திங்கலாமா?"

சிவப்பு.

"பாத்தியா டீச்சர்?" என்று அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பாடசாலையையே மூடிய திருப்தி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மட்டும் நிதானமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நானும் ஒண்ணு கேக்கணும். சாமி, இம்புட்டுத் தூரம் போறோமே, ஒன்னக் கவனிக்காமப் போகலாமா? புறப்படுறதுக்குள்ள ஒனக்குச் சேவல் வேணுமா?"

வெள்ளை. வராமல் என்ன? சேவல் வேண்டாம் என்று எங்கள் முனியாண்டி என்றைக்குச் சொன்னார்!

"ஒரு தரம் போதுமா சாமி? இல்ல, புறப்படுற வரைக்கும் வாராவாரம் வேணுமா? வாராவாரம்னா வெள்ளையக் குடு."

மறுபடியும் வெள்ளை. அந்த மூன்றாவது தடவை பூவை மடித்தது யார், செவ்வரத்தம்பூ எங்கே போயிற்று என்று அத்தான் பிற்பாடு விசாரணை தொடங்கினார். அது இன்னும் முடியவில்லை, நானும் ஒத்துழைப்பதாக இல்லை. அந்த நேரத்தில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. "சாமி கேட்டாக் குடுத்துத்தான ஆகணும்" என்று பெருமையாகத் தலையாட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சேவல் அறுத்து, அங்கேயே சமைத்து, முனியாண்டிக்குப் படைத்து முடித்ததும், அக்கா வாழையிலையோடு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"ஈரல எனக்கு வைங்க."

அத்தானுக்கு வாய் பிளந்துவிட்டது. "ஏய், விரதம்!"

"வாங்கித் திங்கலாமான்னுதான் நீங்க கேட்டீங்க. நா வாங்கலையே. இது படையல். சாமி குடுத்தத வேணாம்னு தள்ளச் சொல்றீங்களா?"

முனியாண்டி படையலைத் தள்ளினால் என்ன ஆகும் என்று லயத்தில் எல்லோருக்கும் கதை கதையாகச் சொல்லிவைத்திருந்தவரே அத்தான்தான். அவருடைய சட்டம், அவரே மீற முடியுமா? பூசாரி அதற்குள் ஈரலை அக்காவின் இலையில் வைத்துவிட்டார். நானும் சாமி குற்றத்துக்குப் பயந்தவள், ஒரு கால் துண்டை எடுத்துக்கொண்டேன். அத்தான் அன்று வெறுஞ்சோறு சாப்பிட்டார். மூன்றாவது வாரம் அவருக்கும் பயம் வந்துவிட்டது, நெஞ்சுத் துண்டாகப் பார்த்துப் பயந்தார்.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. ஆளாளுக்கு ஒரு வேண்டுதலைச் சொல்லிச் சேவல் கொண்டுவரத் தொடங்கினார்கள். அங்கே போய் எங்களுக்கும் சேர்த்துக் கும்பிடு, ஒரு போத்தல் தண்ணி கொண்டா என்பார்கள், எல்லா ஈரலும் அக்காவின் இலைக்கே வரும். கடைசியில் தோட்டத்தில் விடிகாலையில் கூவ ஆளில்லாமல் போய், எங்கள் பெரட்டுக்கு அத்தானே பிந்தி எழும்பினார். தனக்கு அரைப்பேர் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்.

அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது ஈரல் இல்லை. சாப்பிட்டவுடன் தேத்தண்ணி இல்லாமல் இருப்பதுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சும்மா எழுந்து பாத்திரங்களை இடம் மாற்றுவாள். ஆனாலும் குடிக்கவில்லை. இவளுக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு அக்காவையும் பார்த்தார். பத்தரை.

"நல்லது. என்னம்மா சாப்பிட்டனீங்கள்?"

"சாமி குடுத்தது டாக்டரம்மா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மாத்திரையை விடாமல் தொடரச் சொன்னார், உயரத்தில் மெதுவாக ஏறச் சொன்னார், கையெழுத்து வைத்தார். அக்கா அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும் எனக்கு இனிப்பு வாங்கித் தந்தாள். எனக்கு மட்டும்தான், வழக்கம்போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நமுனுகுல ஏறினோம். அத்தான் விசில் ஊதினார். அக்கா முன்னால் நடந்தாள். நான் பின்னால், எனக்கும் பின்னால் அத்தான். முதல் வளைவில் அக்கா குந்துவாள் என்று பார்த்தேன், குந்தவில்லை. அடுத்ததிலும் இல்லை. போன தடவை அவள் படுத்துக்கொண்ட இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனாள். நான்தான் "அக்கா, நில்லு, நில்லு" என்று கெஞ்சிக்கொண்டு போனேன். விசில் சத்தம் கீழே எங்கோ தேய்ந்துவிட்டது. ஊதுவதற்கு அவரிடம் காற்று இருந்திருக்காது.

மேலே ஓரிடத்தில் அக்கா எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கீழே மூடுபனி விலகி, தேயிலை மலைகள் வரிவரியாகத் தெரிந்தன. அவள் முகம் சந்தோஷமாக இல்லை. எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவள் போல இருந்தாள்.

"ஏண்டி, குந்தி எந்திரிச்சா ஒனக்குக் கண்ணு இருட்டாதா?"

"இருட்டாதுக்கா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்ல."

"மேட்டுல ஏறுறப்ப காதுக்குள்ள இரையாது?"

"மூச்சு வாங்கும். அவ்வளவுதான்."

அக்கா கீழே பார்த்தபடியே நின்றாள். "எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சிருந்தேன்டி. எல்லாருக்கும் இருட்டும், அவளுக தாங்கிக்கிட்டு எடுக்குறாளுக, நாந்தான் குந்திர்றேன்னு. கூடையோட குந்துனா சத்தம் போடுவாங்க. ஒன் அத்தான் போட்ட சத்தம் கொஞ்சமா? ஒடம்பு வணங்காத நாயின்னு நம்ம அம்மாவே வைஞ்சிச்சு. நானும் அதத்தான் நம்புனேன். இத்தன வருசமும் நா சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டேதான்டி கொழுந்தெடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, யார் யார் மேலோ வந்தது. அவள் கொழுந்து எடுத்த பணத்தில்தான் நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வேண்டும் என்பது போல.

"நீ சோம்பேறி இல்லக்கா," என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

கீழே வளைவில் அத்தானின் தலை தெரிந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வோர் அடியாக ஏறி வந்துகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

"அந்தாளுக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் எனக்கு. அந்தக் குரலில் சொன்னேன்.